நெடி, புகை, வாசனை: வீட்டுக் காற்று பற்றி வாசகர்கள் கேட்டவை

வீட்டுக்குள் நாம் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஏ.சி. போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு நான், மனைவி, ஆறு வயது மகன் மூவரும் ஒரே அறையில் படுக்கிறோம். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. ஏ.சி.யை சர்வீஸ் செய்தும் மாற்றமில்லை.
– வாசகர், பெரம்பூர், சென்னை

ஏ.சி.யில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைத் துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. சுவரைத் துளைத்துப் போகும் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு உள்ளே இருந்த காற்றைத்தான் விடியும்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். சிறுவனுக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மூவருக்கும் 32 லிட்டர். காற்று கொஞ்சமும் கசியாத அறையாக இருந்தால் மணிக்கு 940 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வீதம் ஏறும். கதவிடுக்கில் கசிவு இருப்பதால் அந்த வேகத்தில் ஏறிக்கொண்டே போகாது. ஆனாலும் வெளியே 420 பி.பி.எம். இருக்கும்போது, இப்படி அடைத்த அறையில் விடிகாலையில் 2,500, 3,000 என்று நிற்பது சாதாரணம்.

இந்த அளவில் கரியமில வாயு விஷமல்ல. அது ஓர் அளவுகோல். விட்ட மூச்சு வெளியேற வழியில்லை என்றால், மெத்தையிலிருந்தும் பெயின்டிலிருந்தும் வரும் ஆவி, உடம்பு நெடி, ஒருவருக்குச் சளி இருந்தால் அந்தக் கிருமி, எல்லாமே அறைக்குள் தங்கிவிடுகின்றன என்று அர்த்தம். தலைக்கனமும் தூங்கியும் தூங்காத உணர்வும் இதனால் வரலாம்.

உங்கள் மூவருக்கும் மணிக்கு 50 கன மீட்டர் அளவுக்குப் புதுக்காற்று கிடைத்தால், கரியமில வாயு 1,000 பி.பி.எம்.மை ஒட்டி நின்றுவிடும். சுலபமான வழி, ஹாலுக்குப் போகும் கதவை அரையடி திறந்துவைத்து, ஹாலில் வலை அடித்த ஒரு ஜன்னலையும் திறந்துவைப்பது. அது முடியாவிட்டால், படுக்கையறை ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து, எதிர்ப்பக்கம் கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். ஒரே பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது, வரவும் போகவும் தனித்தனி வழி வேண்டும். படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், குளியலறைக் கதவைத் திறந்துவைத்து அதை மணிக்கு 15 நிமிடம் ஓடவிட்டாலும் போதும்.

கரன்ட் செலவு அதிகமாகுமே என்று தயங்க வேண்டாம். சென்னையின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த 50 கன மீட்டரைக் குளிரவைக்க எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கூடுதலாகும்.

மீட்டர் வாங்கிப் பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சிலவற்றில் கரியமில வாயுவை அளக்கும் சென்சாரே கிடையாது, வேறு ஆவிகளை வைத்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும். கையில் சானிடைசர் தடவி மீட்டருக்குப் பக்கத்தில் நீட்டுங்கள். எண் சட்டென்று எகிறினால் அது ஊகிக்கும் மீட்டர்.

கேஸ் அடுப்பில் புகையே வருவதில்லை. அதற்கு எதற்கு சிம்னி? தாளிக்கும்போது மட்டும் வீடு முழுக்க இருமல்.
– வாசகி, திருச்சி

அடுப்பில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் சமையலில் புகை உண்டு, நெருப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வாயுவும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நெருப்பு. நீல ஜுவாலையின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. அவற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பைக் கூட்டும். வீட்டுக்குள் இது ஒரு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010ல் வரையறுத்தது. ஜன்னல் சாத்திய சின்ன அடுப்படியில் இரண்டு பர்னரும் எரிந்தால் அந்த அளவைத் தாண்டக்கூடும். நல்ல எரிவாயு, நல்ல அடுப்பு என்பதால் இது இல்லாமல் போகாது, சூடான நெருப்பு இருந்தாலே உண்டாகும். ஜுவாலை மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் அது வேறு பிரச்சினை. பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன, அல்லது காற்று கலக்கும் வழி சரியில்லை. அப்போது கார்பன் மோனாக்சைடும் கூடும். துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, பர்னரை நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கும் நீலமாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தாளிப்பு. கடுகு வெடித்து முடித்து, வற்றல் மிளகாய் சிவப்பிலிருந்து கறுப்புக்குத் திரும்பும் அந்தச் சில நொடிகளைக் கவனியுங்கள். அதுவரை வாசனையாக இருந்தது அப்போதுதான் நெடியாகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எண்ணெய்த் துகள்களோடு சேர்ந்து காற்றில் ஏறுகிறது. எண்ணெயும் புகைகிற அளவுக்குக் காய்ந்திருந்தால், அதிலுள்ள கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் என்ற வாயு வருகிறது. கண்ணில் நீர் வரவைப்பது இதுதான். அப்பளம், வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அது புகையத் தொடங்கும் சூடு குறைந்துகொண்டே வருகிறது. முதல் நாள் புகையாத தீயில் மூன்றாம் நாள் புகைவது அதனால்தான். கடுகு வெடித்ததும் தீயைக் குறைத்து, மிளகாயைக் கடைசியில் போட்டு, நிறம் மாறுவதற்குள் குழம்பில் கொட்டினால் பாதி நெடி உண்டாகவே உண்டாகாது.

இனி சிம்னி. குழாய் வழியே புகையை வெளியே தள்ளுவதுதான் சிம்னி. குழாய் இல்லாமல், உள்ளேயே வடிகட்டித் திருப்பி விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாசனையைக் கொஞ்சம் குறைக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடும் நீராவியும் அடுப்படிக்கே திரும்பி வந்துவிடும். எனவே குழாய் வைக்க இடமில்லாத வீட்டில் அந்தப் பணத்துக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து.

குழாய் ஆறு அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது. வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயை முழுக்க இழுத்து நீட்டி மாட்ட வேண்டும், மடிப்பு மடிப்பாக விட்டால் இழுவை போய்விடும். அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சிம்னி, சுவர் ஓரமாக இருக்கும் பர்னரின் புகையைத்தான் நன்றாகப் பிடிக்கும், பொரிப்பதையும் வதக்குவதையும் அந்தப் பர்னரில் வையுங்கள். பற்றவைக்கும் முன்பே போட்டு, அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் ஓடவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளவர்கள் பலர் செய்யும் தவறு, ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பது. வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து நேரே ஃபேன் வழியாகவே போய்விடும், அடுப்புப் புகை அடுப்பு மேலேயே நிற்கும். பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்க ஜன்னலையோ கதவையோ திறங்கள். இழுக்கிறதா என்று பார்க்க, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வாணலியின் விளிம்பருகே பிடியுங்கள். புகை ஃபேன் பக்கம் சாயவேண்டும்.

வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் அத்தை வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்புதான். கர்ப்பமாக இருக்கும் நான் தள்ளி இருந்தால் போதுமா?
– வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

தள்ளி இருந்தால் மட்டும் போதாது. விறகுப் புகையை உங்கள் பகுதியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் கள்ளக்குறிச்சியிலும் நாகப்பட்டினத்திலும் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள், மீதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். 2022ல் வெளியான முடிவின்படி, விறகில் சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் (பி.எம். 2.5) கன மீட்டருக்கு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம், கேஸில் சமைத்தவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்கு. குழந்தையின் பிறப்பு எடையில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை ஏறவில்லை என்பதால் புகை கெடுதலில்லை என்று ஆகிவிடாது. விறகுப் புகை தாயின் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கேடு என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய இருக்கின்றன.

அந்த 24 வந்தது, ஏறக்குறைய எல்லாச் சமையலும் கேஸுக்கு மாறிய வீடுகளில். சோற்றுக்கு கேஸ், வெந்நீருக்கு விறகு என்று இரண்டும் ஓடினால் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். விறகடுப்பை விடவே முடியாது என்றால் தாழ்வாரத்திலிருந்து எடுத்துக் கொல்லையில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் எட்ட, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். பிளாஸ்டிக் பையைச் சொருகிப் பற்றவைக்கும் பழக்கம் இருந்தால் அதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

எங்கள் பேத்திக்கு நாற்பது நாள். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். டாக்டர் வேண்டாம் என்கிறார். சளி பிடிக்காதா?
– வாசகி, தஞ்சாவூர்

அம்மா, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஈரத்தலையோடு குழந்தையை விடக்கூடாது என்பது சரிதான். ஆனால் தலையை உலர்த்துவது தணலின் சூடு, புகை அல்ல. அந்த வேலையை மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு செய்துவிடும். ஒன்றால் ஒற்றி, இன்னொன்றைத் தலையில் ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் காய்ந்துவிடும்.

பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. பெரியவர்கள் 12 முதல் 18 முறை. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட இரண்டு மூன்று மடங்கு காற்று அந்தச் சின்ன நுரையீரலுக்குள் போகிறது. தூபக்காலின் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடும், பிசின் எரிவதிலிருந்து நுண்துகளும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளும் வருகின்றன. கூடையைக் கவிழ்த்து, துணி மூடி, அதன்மேல் குழந்தையைப் பிடிப்பது எல்லாவற்றிலும் மோசம், புகை நேரே முகத்துக்குப் போகும். இப்போது கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பிசினைவிடக் கரித்தூளும் மரத்தூளும் வாசனைப் பொருளும்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை தூபம் போடுவதை விடவேண்டியதில்லை. குழந்தையைப் பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னல்களைத் திறந்து, போட்டு முடித்து, தூபக்காலை வெளியே வைத்து, அரைமணி கழித்துக் குழந்தையைத் தூக்கி வாருங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பச்சிளங்குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையையும் ரத்தசோகையையும் கொண்டுவரும். குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. பெட்டியில் பழைய துணி வைத்திருந்தால் துவைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள். நெஞ்சிலும் மூக்கிலும் கற்பூரம் தேய்ப்பதும் கூடாது, குழந்தைகளுக்கு அது வலிப்பை உண்டாக்கக்கூடும்.

கொசுவர்த்திச் சுருள், லிக்விட், மூலிகை ஊதுபத்தி இவற்றில் எது பரவாயில்லை?
– வாசகர், கடலூர்

கொசுவலைதான். அதற்கு அடுத்துதான் மற்றவை.

சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்த ஓர் ஆய்வு 2003ல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். கொசுவை விரட்டும் மருந்து சுருளில் மிகச் சிறிதளவுதான், மீதியெல்லாம் அது மெல்ல எரிவதற்கான மரத்தூளும் தேங்காய் ஓட்டுத்தூளும். கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்துவது போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. லிக்விடில் எரிதல் இல்லாததால் புகை இல்லை. ஆனால் மருந்து காற்றில் இருக்கத்தான் செய்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் போட்டு, படுக்கும்போது நிறுத்தி, வலைக்குள் படுங்கள்.

‘மூலிகை’ ஊதுபத்தி வாங்கினால் உறையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுப் பூச்சிமருந்துகள் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, சி.ஐ.ஆர். என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்க வேண்டும். எண்ணும் இல்லை, கொசுவும் பொத்துப் பொத்தென்று விழுகிறது என்றால், உள்ளே இருப்பது வேப்பிலை மட்டுமல்ல.

கோயம்புத்தூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு ‘ஓசோன் பியூரிஃபையர்’ வாங்கினோம். மழைக்குப் பின் வரும் வாசனை மாதிரி இருக்கிறது. எலுமிச்சை வாசனை ஃபினாயில் போட்டுத் துடைத்த அன்றைக்கு மட்டும் தொண்டை அரிக்கிறது. ஏன்?
– வாசகி, கோயம்புத்தூர்

மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். உங்கள் ஹாலில் ஒரு வேதிவினை நடக்கிறது.

எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக்குக் காரணம் லிமோனீன் என்ற பொருள். பைன் வாசனையில் பைனீன். இந்தக் குடும்பத்துப் பொருள்களின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு ஒன்றாவது இருக்கும். ஓசோன் போய் அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒன்று ஃபார்மால்டிஹைடு. ஆவியாக நிற்க முடியாத கனமான துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மிகமிக நுண்ணிய துகள்களாகின்றன. தரையைத் துடைத்ததால் தூசி குறைந்திருக்கும், காற்றிலோ புதிதாகத் துகள் பிறந்திருக்கும். ஃபினாயிலிலும் இல்லாத, மெஷினிலும் இல்லாத பொருள் இரண்டும் சந்தித்த இடத்தில் உண்டாகிறது.

வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய வினைகளை அளக்கவே 2018ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரில், ஒரு வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிச் சமைத்தும் துடைத்தும் பார்த்தார்கள். மனிதத் தோலும் இதில் சேர்த்திதான். நம் தோல் எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் ஓசோனோடு வினைபுரிந்து புதிய ஆவிகளை விடுகிறது. நம்மைச் சுற்றியே அவ்வாறு ஒரு வேதிவளையம் உண்டாவதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2022ல் காட்டினார்கள்.

ஓசோன் தானே நுரையீரலுக்கு எரிச்சல் தரும் வாயு. கிருமியைக் கொல்லும் அளவுக்கு விட்டால் அந்த அறையில் மனிதர் இருக்க முடியாது. மனிதர் தாங்கும் அளவுக்கு விட்டால் காற்று சுத்தமாகாது. கலிபோர்னியா மாநிலத்தில் காற்றுச் சுத்திகரிப்பான்கள் 0.050 பி.பி.எம்.முக்கு மேல் ஓசோன் விடுவதாக இருந்தால் விற்கவே அனுமதியில்லை. ‘ஆக்டிவ் ஆக்சிஜன்’ என்று பெயர் மாற்றி எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றே. அந்த மெஷினை நிறுத்திவிடுங்கள்.

மெஷின் இல்லாத வீட்டிலும் வெளியிலிருந்து ஓசோன் வரும். வெயில் ஏற ஏற அது கூடி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். எனவே வாசனைத் திரவம் போட்டுத் துடைப்பதை அதிகாலையில், ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்வது நல்லது. தினசரித் துடைப்புக்கு வெறும் தண்ணீரும் துளி சோப்புக் கரைசலும் போதும்.

பாத்ரூம் கழுவும்போது ஆசிட் ஊற்றி, கறை போகவில்லை என்று மேலே பிளீச்சிங் பவுடர் தூவினேன். மூச்சு அடைத்துவிட்டது.
– வாசகி, சேலம்

நீங்கள் முகர்ந்தது குளோரின். டாய்லெட் கிளீனரிலும் பாத்ரூம் ஆசிடிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது பிளீச்சில் பட்டதும் இந்த வாயு கிளம்பும். பிளீச்சோடு அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர் சேர்ந்தால் குளோரமீன் வரும், அதுவும் இதே போலத்தான். வினிகரும் அமிலமே, பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

இனி எப்போதாவது நேர்ந்தால், வாளியையோ பிரஷையோ எடுக்க நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். கதவைத் திறந்துவிட்டு, எக்ஸாஸ்ட் சுவிட்ச் வெளியே இருந்தால் போடுங்கள். அரைமணி கழித்து, நெடி அடங்கிய பிறகு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். முதலில் சரியானது போலத் தோன்றி, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. எனவே இருமல் நிற்காவிட்டாலோ நெஞ்சு இறுகினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் ஆசிட், இன்னொரு நாள் பிளீச் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

குன்னூரில் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். கேஸ் கசிந்தால் காட்டும் அலாரமும் இருக்கிறது. பயமில்லையே?
– வாசகர், குன்னூர்

பயம் உண்டு. இந்தப் பதிலை மட்டும் உடனே செயலில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் அலாரம் எரியாத கேஸைக் காட்டும். ஆளைக் கொல்வது எரிந்த கேஸ். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸை எரிக்கும். ஒரு கிலோ எரிய 12 கன மீட்டர் காற்று வேண்டும். 5க்கு 7 அடி, 8 அடி உயரமுள்ள குளியலறையில் இருப்பதே 8 கன மீட்டர்தான். குளிருக்காக வென்டிலேட்டரையும் அடைத்திருந்தால், பத்து நிமிடத்தில் கால்வாசிக் காற்று தீர்ந்து, நெருப்பு மூச்சுத் திணறி, கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். நிறமில்லை, மணமில்லை, இருமல்கூட வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், கால் துவளல். கதவைத் திறக்கக் கை எழாது.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே குளிக்கப் போங்கள். வாங்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம், அதைப் படுக்கையறையில் தலை மட்டத்தில் மாட்டலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், அதற்கான அலாரம் தரையருகே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவுவது. இரண்டும் வெவ்வேறு கருவிகள்.

குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதும் இதே மரணம்தான். தணல் சாம்பல் பூத்து அடங்கியது போலத் தெரியும்போதும் வாயு வந்துகொண்டிருக்கும்.

யாராவது மயங்கியிருந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து ஆளை வெளியே இழுங்கள், பிறகு 108. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். ‘கேஸ் கீசர்’ என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புது வீட்டில் வார்ட்ரோபும் மாடுலர் கிச்சனும் முடிந்து மூன்று வாரமாகிறது. கதவைத் திறந்தால் கண் எரிகிறது.
– வாசகர், மதுரை

பெயின்ட், தின்னர், ஒட்டும் பசை இவற்றின் வாடை ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். அதன் பிறகும் அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரித்தால், பிளைவுட்டின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்று சந்தேகிக்கலாம். புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள் இது. அரைமணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். கிரேடு பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஆகியவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் வழக்கம். சூடும் ஈரமும் பட்டால் இந்தப் பசை மெல்ல உடைந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட்டில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, அது அவ்வளவு எளிதில் உடையாது. இதை ஆசாரியிடம் முன்பே கேட்டிருந்தால் நல்லது, இனி வேலை கொடுப்பவர்களாவது கேளுங்கள்.

இப்போது செய்யக்கூடியது: பகலில் எல்லாக் கதவுகளையும் டிராயர்களையும் திறந்துபோட்டு, ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்க்க வைத்து ஓட்டுங்கள். ஆறு வாரமாவது விடாமல் செய்யுங்கள். பிறகு டார்ச் அடித்து, மைக்கா ஒட்டாத இடங்களைத் தேடுங்கள். அறுத்த விளிம்பு, கீல் துளை, வயர் போகும் ஓட்டை, அலமாரியின் முதுகுப்பக்கம். வாயு அதிகம் வருவது இந்தப் பச்சை விளிம்புகளில்தான். எட்ஜ் பேண்ட் ஒட்டியோ, இரண்டு கோட் பெயின்ட் அடித்தோ அவற்றை மூடுங்கள். குழந்தை படுக்கும் அறையைக் கடைசியாகப் புழங்குங்கள். வெட்டிய வெங்காயம், கரித்துண்டுப் பை எதுவும் இதைப் பிடிக்காது.

மழைக்குப் பிறகு சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?
– வாசகர், நாகப்பட்டினம்

விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த வெள்ளையின் மேல் வையுங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு பூத்தது, உடம்புக்குக் கெடுதலில்லை. கரையாமல், தொட்டால் பிசுபிசுத்து, பழைய புத்தக வாடை அடித்தால் பூஞ்சணம். பச்சையோ கறுப்போ கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உப்பும் ஈரம் இருப்பதற்கு அடையாளம் என்பதால் இரண்டுக்கும் ஈரத்தின் வழியைத் தேடியாக வேண்டும்.

ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளி நின்றால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் முன்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம், உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்தி, பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிவைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறையெங்கும் பறக்கும். என்95 முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்து, ஃபேன் போட்டு உலர்த்துங்கள். ஈரம் நிற்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குப் பெயின்டோடு உரிந்து வரும்.

போகி, தீபாவளி நாட்களுக்காக ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? ஸ்நேக் பிளான்ட் வைத்தால் போதும் என்கிறார்களே?
– வாசகர், தாம்பரம்

செடி போதாது. செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படையாக 1989ல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் செய்த சோதனை, அடைத்த சின்னப் பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் சாதாரணக் காற்றோட்டம் தரும் பலனைச் செடி தர, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று பின்னால் கணக்கிட்டிருக்கிறார்கள். அழகுக்கு வளருங்கள்.

பியூரிஃபையர் வாங்கினால் பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தமாக்கித் தரும் என்பதைப் பாருங்கள். அறையின் கன மீட்டரை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்ணுக்குக் குறையக்கூடாது. 34 கன மீட்டர் அறைக்கு 170. அந்த எண் முழு வேகத்துக்கு உரியது, ஸ்லீப் மோடில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால் கணக்குக்கு மேல் ஒரு அளவு பெரிதாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். அயனைசர் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள், சிலவற்றில் அது ஓசோன் விடும். போகியன்று விடிகாலை நான்கு மணிக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்திப் போட்டுவிட்டு, தெருவில் புகை அடங்கியதும் ஜன்னல்களைத் திறங்கள். கரியமில வாயுவையும் கார்பன் மோனாக்சைடையும் எந்த பியூரிஃபையரும் எடுக்காது.